45 வயசுல திடீர் வியர்வை, தூக்கமின்மை... உடம்பு என்ன சொல்லுது? எதை ஏத்துக்கலாம், எதை விடவே கூடாது?

ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்பார். உங்களுக்கு மட்டும் நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, நைட்டியே நனைந்துவிடும். வீட்டில் சொன்னால், "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

மெனோபாஸ் என்றால் என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். இந்தக் காலத்தின் பெயர் பெரிமெனோபாஸ். அறுவை சிகிச்சையில் சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால், எந்த வயதானாலும் மெனோபாஸ் உடனே வந்துவிடும்.

உடம்பில் என்ன மாறும்?

சூடு, வியர்வை: உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜென் குறையும்போது, லேசான வெப்ப மாற்றத்தைக்கூட அது பெரிய சூடாக எடுத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கப் பார்க்கும். அதனால்தான் இந்த வியர்வை.

இடுப்பு: சாப்பாடு அதே அளவுதான், ஆனா ஜாக்கெட் டைட் ஆகுது. தசை குறைவதும், கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வதும்தான் காரணம்.

சொல்லக் கூச்சப்படுபவை: பிறப்புறுப்பு வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, தும்மினால் சிறுநீர் கசிவது. மூன்றுக்குமே சிகிச்சை உண்டு.

எலும்பு: வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மெனோபாஸை ஒட்டிய சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும்.

எதை விடவே கூடாது?

* மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபிறகு ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். "திரும்ப வந்துடுச்சு போல" என்று விடாதீர்கள். பெரும்பாலும் சாதாரண காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுதான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, 7 நாளுக்கு மேல் போவது. "நிக்கப் போற நேரம், அப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டால் ரத்தசோகை வரும்.
* 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நிற்பது.
* வியர்வையோடு நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தாடை அல்லது கையில் வலி. இது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்கு அழையுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை ஆபத்தா?

2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரோஜெனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாத அபாயம் கூடுவதாகச் சொன்னது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறிகுறிகள் தொல்லை தரும் பெண்களில், 60 வயதுக்குள் அல்லது மெனோபாஸ் வந்து 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் பலருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல் பிரச்சினை வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஏற்றதல்ல. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

உடம்பு பேச்சை எப்படிக் கேட்பது?

* மாதவிடாய் தேதி, ரத்தப்போக்கின் அளவு, தூக்கம் கெட்ட நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.
* வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. கூடவே 2 நாள் எடை தூக்கும் பயிற்சி. தசைக்கும் எலும்புக்கும் இது அவசியம்.
* கேழ்வரகு, எள், தயிர், மத்தி மீன் என கால்சியம் உள்ளதைச் சேருங்கள்.
* களைப்பும் எடையும் சேர்ந்து கூடினால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.
* தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பை வாய் பரிசோதனை இலவசம்.

வேர்ப்பதும் இடுப்பு பெருப்பதும் உங்கள் தப்பு இல்லை, ஏத்துக்கலாம். ரத்தம் பட்டால் மட்டும் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.