வெறுமையாக்கப்பட்ட மலைநாடு

உழுதும் மேய்த்தும் வெட்டியும் நலிந்த நிலங்களை மீண்டும் இயற்கையின் போக்கில் விடும் இயக்கம் ஐரோப்பாவில் இன்று வலுப்பெற்று வருகின்றது. காடு தழைக்கவேண்டும், அழிந்த உயிரினங்கள் திரும்பவேண்டும் என்னும் அதன் நோக்கத்தை நாம் வரவேற்கின்றோம். எனினும், அந்நிலம் எவ்வாறு வெறுமையாயிற்று என்ற கேள்வியை ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஸ்கொத்லாந்து மலைநாட்டின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டும்.

ஆளரவமற்ற அம்மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளைக் காண்போர் அவை ஆதிதொட்டே அவ்வாறிருந்தன என எண்ணக்கூடும். உண்மை வேறு. கேலிக் மொழி பேசிய குடியானவர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம், ஆட்டுப் பண்ணைகளே கூடிய குத்தகை தருமெனக் கண்ட நிலப்பிரபுக்கள் அவர்களை வெளியேற்றலாயினர். சதலாந்துப் பிரபு குடும்பத்துக்குரிய ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலே 1814இலும் 1819இலும் குடிகள் விரட்டப்பட்டனர், வீடுகள் தீக்கிரையாயின. முதல் வெளியேற்றத்தை நடத்திய பற்றிக் செல்லர் 1816இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவனென விடுவிக்கப்பட்டான். மக்களோ கடற்கரையின் துண்டு நிலங்களுக்கும் கனடா முதலிய நாடுகளுக்கும் சென்றனர்.

பின்னர் ஆட்டுக் கம்பளியின் விலை வீழ்ந்தபோது பண்ணைகள் பல செல்வரின் மான்வேட்டைக் களங்களாயின. ஓநாய் முன்னரே அழிக்கப்பட்டுவிட்டது. வேட்டைக்கெனப் பெருகவிடப்பட்ட மான்கள் முளைத்த மரக்கன்றுகளைத் தின்றன. ஆகவே, மனிதரை விரட்டிய அதே உடைமை முறைதான் காட்டையும் மீளவிடாது தடுத்தது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1882இல் ஸ்கை தீவுக் குடியானவர் மேய்ச்சல் உரிமைக்காகப் போராடினர். முன்னர் சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் தலைமையில் 1883இல் ஆணைக்குழு அமைந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்குக் காணிப் பாதுகாப்பு அளித்தது. பறிபோன பள்ளத்தாக்குகளை அது மீட்டளிக்கவில்லை.

இன்று டென்மார்க்குச் செல்வரான அண்டர்ஸ் பொவ்ல்சன் ஸ்கொத்லாந்தின் மிகப் பெரிய தனியார் நிலவுடைமையாளராக விளங்குகின்றார். அவருடைய கிளென்பெஷியில் மான்களின் தொகை குறைக்கப்பட்டதும் பைன் மரங்கள் தாமாகவே முளைத்தெழுந்தன. இது நற்பயனே. ஆயினும், ஒரு பள்ளத்தாக்கின் எதிர்காலம் ஒரு தனிமனிதரின் விருப்பத்திலே தங்கியிருக்கலாமா என நாம் கேட்டல் வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. தென் எல்லையிலுள்ள லாங்ஹோம் என்னும் பழைய நெசவு நகரத்தின் மக்கள் நிதி திரட்டி, 2021இலும் 2022இலும் பக்ளூ பிரபுவின் நிலத்தில் ஏறக்குறைய 10,500 ஏக்கரை வாங்கினர். அங்கே காடும் சேற்று நிலமும் மீட்கப்படுகின்றன. அதனை நடத்துவோர் அவ்வூர் மக்களே.

மரங்கள் திரும்பி வரும் நிலத்திலே மக்களுக்கும் உரிமை திரும்புதல் வேண்டும். அவ்வுரிமையின்றி எழும் காடு, பழைய பிரபுவின் வேட்டைக் களம் புதிய பெயர் பூண்டதாகவே முடியும்.