நகமே கத்தி: கண்டியின் அரக்கு வேலை

மரச் சுங்கானுக்கு நிறம் போடுறவங்க சாயத்தை மரத்துக்குள்ள ஊற விடுவாங்க. கண்டிப் பக்கத்து அரக்கு வேலை அப்படியில்லை. இங்கே நிறம் மரத்தின் மேலே தோல் மாதிரிப் படியுது.

அரக்கு என்பது மரக்கிளையில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதை இளக்கி, நிறப்பொடி சேர்த்துக் கட்டியாக்குவார்கள். கடைசலில் சுழலும் மரத்தில் கட்டியை அழுத்தினால், உராயும் சூட்டிலேயே அரக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓலைத்துண்டால் தேய்த்தால் மினுக்கம் வரும். சிங்களத்தில் இது 'பிரளு வெட'.

மாத்தளையின் 'நியபொத்து வெட' இன்னும் நுணுக்கம். சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, மரத்தில் கோலமாக ஒட்டி, பெருவிரல் நகத்தாலேயே வெட்டிவிடுவார்கள்.

இந்த வேலைகளை 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலில் விரிவாகப் பதிந்தவர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கண்டி அரசில் கைவினைஞருக்கு ஊழியத்துக்கு ஈடாக நிலம் இருந்தது. அரண்மனையும் விகாரையும் வேலை கொடுத்தன. 1815இல் அரசு பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகு அந்த ஏற்பாடு படிப்படியாகக் குலைந்தது.

"கலை அழியுது" என்று நாம சும்மா சொல்லிடுறோம். கை மறக்கவில்லை, கேட்டுச் செய்விப்பவர்தான் குறைந்துபோனார். இன்று அந்த இடத்தில் சுற்றுலாப் பயணியும், கடையில் அரக்குப் பெட்டிக்குப் பேரம் பேசும் நாமும்தான் நிற்கிறோம்.