கண்டிச் சீமைக்குப் போன கதை

ஓமலூர் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி பூமி. அடுத்தடுத்து மழை பொய்த்தால் மாட்டை விற்போம், அப்புறம் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதுதான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்டபாடு அப்படிப்பட்டது.

அந்தக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் இலங்கைக்குப் போனார்கள். கண்டிச் சீமை என்பார்கள். பசி இருந்தால் போதுமா? அங்கே வேலை வேண்டும், கூட்டிப்போக ஆள் வேண்டும், சர்க்கார் தடுக்காமலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆண்டது வெள்ளைக்காரன்தான், தடை ஏது?

கூட்டிப்போனவர் கங்காணி. அநேகமாக நம்ம பக்கத்துக்காரராகவே இருப்பார். முன்பணமும் வழிச்செலவும் கடன் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும்; புதுத் தோட்டக்காரர் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921-ல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

இதில் பயிரின் பங்கைக் கவனியுங்கள். முதலில் அங்கே காப்பி. பழம் பறிக்கிற மாதங்களில்தான் ஆள் அதிகம் வேண்டும். ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடப்பார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களில் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. நிலக்கடலை இலையில் நாம் பார்க்கிறோமே, அந்த மாதிரி. இருபது வருஷத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்தை வருஷம் பூராவும் கிள்ள வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாகக் குடிவைத்தார்கள். போய்வந்து கொண்டிருந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். ஒரு பூஞ்சாணம் செய்த வேலை!

அடுத்தது சட்டம். 1939-ல் இந்திய சர்க்கார் புதுக் கூலியாட்கள் போவதை நிறுத்தியது. 1948-ல் சுதந்திர இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து வளர்ந்த தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாக்கினார்கள். ஆட்டு மந்தையைப் பாகம் பிரிக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

வந்தவர்களில் பலர் மண்டபம் முகாமில் தங்கினார்கள். தாத்தாவின் ஊர்ப்பேர் தெரியும். அங்கே காணி கிடையாது. கைக்குத் தெரிந்த வேலை கொழுந்து கிள்ளுவது. அவர்களுக்கு வேலை தரவே 1968-ல் நம் மாநில அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. இலங்கையிலேயே நாடற்றவர்களாய்த் தங்கிவிட்ட மற்றவர்களுக்கு, 2003-ல் போட்ட சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது.