103-வது இடமும் ஒரு ஜோடிப் பலகையும்



ஏலக்காய் வாசம் அடிக்கும் போடியில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுத இந்த வாத்தியாருக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று பனி நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'ஸ்கேட்டிங்' நடைக்கான ஸ்கீ பலகை வாங்கப்போகிறாராம். "சார், இதற்கெல்லாம் வரலாறு இருக்குமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். இருக்கிறது, அதில் நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு.

நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பழைய நடை, நாம் நடப்பதைப் போன்றதுதான். இரண்டு பலகைகளும் இணையாக, பனியில் போட்ட தடத்துக்குள்ளேயே முன்னே போகும். காலை ஊன்றி உந்தும்போது வழுக்காமல் இருக்க, பலகையின் நடுப்பகுதியில் பிடிமான மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகு உந்துவதற்கு உதவும், ஆனால் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

1970-களில் பின்லாந்தின் பவுலி சீட்டோனன் நெடுந்தூரப் போட்டிகளில் ஒரு பலகையைத் தடத்தில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கவாட்டில் சாய்த்து உந்திப் பார்த்தார். வேகம் கூடியது. அமெரிக்காவின் பில் காக் அதைக் கற்றுக்கொண்டு 1982-ல் உலகக் கோப்பையையே வென்றார். பிறகு இரண்டு பலகைகளையும் 'வி' வடிவில் விரித்து, மாறி மாறி உந்தும் முழு ஸ்கேட்டிங் நடை வந்தது. பக்கவாட்டில் பலகையின் விளிம்பால் உந்துவதால் பிடிமான மெழுகே தேவையில்லை. 1985-ல் ஆஸ்திரியாவின் சீஃபெல்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெரும்பாலோர் அந்த மெழுகைக் கைவிட்டுவிட்டார்கள்.

நார்வே போன்ற நாடுகளில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பாட்டன் பூட்டன் நடை அழிந்துவிடுமே என்ற கவலை. கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பு புதியதைத் தடுக்கவும் இல்லை, பழையதைக் கைவிடவும் இல்லை. இரண்டையும் தனித்தனிப் போட்டியாக்கியது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டும் தனித்தனியே நடந்தன. பழமைக்கும் புதுமைக்கும் சண்டை வரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வரும்.

நடை மாறியதும் பலகையும் மாறியது. பழைய நடைக்கான பலகை ஆள் உயரத்தைவிட ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். ஸ்கேட்டிங் பலகைக்கு 10 செ.மீ. வாக்கில் கூடுதலாக இருந்தால் போதும். விரித்து வைக்கும்போது பின்பக்கம் ஒன்றோடொன்று இடிக்கக்கூடாது அல்லவா? ஊன்றுகோல் மட்டும் நீண்டு, வாய் உயரத்துக்கு வந்துவிட்டது. கணுக்கால் ஆடாமல் பிடிக்கும் காலணியும் வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் விறைப்பு. நம் ஊர் வில்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்துக்கு ஏற்ற வில் வேண்டும். லேசான பாரத்துக்குக் கனத்த வில் போட்டால் வண்டி தூக்கிப் போடும், கனத்த பாரத்துக்கு மெல்லிய வில் என்றால் தட்டிவிடும். பலகையின் நடுவிலும் அப்படி ஒரு வளைவு இருக்கிறது. ஒற்றைக் காலில் முழு எடையும் இறங்கும்போதும் அந்த வளைவு முழுக்க அமுங்கிவிடக்கூடாது. கடையில் சமதளத்தில் பலகைமேல் நிற்கவைத்து, அடியில் மெல்லிய தாளை நகர்த்திப் பார்ப்பார்கள். ஆகவே முதலில் எடை, அப்புறம் உயரம், விலையும் பெயரும் கடைசியில்தான்.

அடிப்பரப்பிலும் விஷயம் உண்டு. குளிர்ந்த, உலர்ந்த பனிக்கு நுண்ணிய வரிகள் வேண்டும். ஈரப் பனி உறிஞ்சிப் பிடிக்கும், அதற்குக் கரடான வரிகள். நாம் ஏலக்காயை 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் பிரிப்பதுபோல, பெரிய அணிகள் ஒவ்வொரு வீரருக்கும் பல ஜோடிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கும். காலையில் பனியைத் தொட்டுப் பார்த்து, அன்றைக்கு எது என்று முடிவெடுக்கும்.

இனி நம் பக்கம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தாஷி லுண்டுப், 2018 பியோங்சாங்கில் ஜக்தீஷ் சிங் என இரண்டு இந்தியர்கள் 15 கி.மீ. 'ஃப்ரீஸ்டைல்' போட்டியில், அதாவது ஸ்கேட்டிங் நடையில், ஓடினார்கள். 2018-ல் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோனியா எடுத்துக்கொண்டது 33 நிமிடம் 43 வினாடி. ஜக்தீஷ் சிங்குக்கு 43 நிமிடம். 103-வது இடம்.

"103-ஆ?" என்று சிரிப்பது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 37 வினாடிதான் வித்தியாசம். அந்த 37 வினாடிக்குள் என்னென்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து வாசலில் கிடக்கும் பனி, பள்ளியிலேயே தொடங்கும் பயிற்சி, பலகையைத் தேர்ந்து மெழுகு தேய்த்துத் தரத் தனியாக ஆட்கள். நமக்கோ குல்மார்க், அவுலி போன்ற சில இடங்களில், சில மாதங்கள் மட்டுமே பனி. உழைப்பை மட்டும் வைத்து ஒரு மனிதரை அளந்தால் 103 என்பது சிறிய எண் அல்ல.

பனியே இல்லாத ஊர்க்காரருக்கும் வழி அடைந்துவிடவில்லை. அதே போட்டியில் டோங்கா தீவின் பீட்டா டவுஃபடோஃபுவா, தார்ச் சாலையில் சக்கரம் வைத்த பலகையில் பழகி வந்து 114-வதாக முடித்தார். நம் பக்கத்துக் குடகிலிருந்து பவானி தெக்கடா என்ற பெண் இதே விளையாட்டில் இந்தியாவுக்காக ஓடுகிறார். காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து ஒருவர் போக முடியுமென்றால், ஏலத் தோட்டத்து மண்ணிலிருந்தும் போகலாம். (அதற்காகச் சக்கரப் பலகையை எடுத்துக்கொண்டு போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடாதீர்கள், பொதுவாக அதில் பிரேக் கிடையாது!)

பலகை வாங்கப்போகும் பிள்ளைக்கு ஒரே வார்த்தை: கடைக்காரரிடம் உன் எடையைக் கூச்சப்படாமல், உள்ளபடி சொல்லம்மா. மற்றவர்களுக்கும் ஒன்று: அடுத்த ஒலிம்பிக்கில் நம் பெயர் கடைசிப் பக்கத்தில் வந்தால், எண்ணைப் படித்துவிட்டு நிறுத்தாமல், அந்த ஆள் எங்கிருந்து கிளம்பினார் என்பதையும் தேடிப் படியுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.