‘ஜப்’னு சுருக்காதீங்க: ஒரு சின்ன த்ரெட்

1/ நேத்து ஒரு தம்பி ஜப்பான்காரங்களப் பத்தி எழுதுறப்ப ‘ஜப்’னு சுருக்கி எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்துல எழுதல. ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

2/ ‘ஜப்பானீஸ்’ என்பதன் சுருக்கம்தான் அது. 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதல். அதுக்கப்புறம் அமெரிக்காவில் பத்திரிகைத் தலைப்பு, போஸ்டர், கார்ட்டூன் எல்லாத்துலயும் இதே வார்த்தைதான். கூடவே குரங்காவும் எலியாவும் வரைஞ்ச படங்கள்.

3/ 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்து போட்டார். சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைச்சாங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்! மேற்குக் கரை ராணுவத் தளபதி டிவிட் சொன்ன நியாயம்: ‘ஜப்’ எப்பவும் ‘ஜப்’தான், குடியுரிமை இருந்தாலும்.

4/ இப்போ ஒரு பையன் கதை. பேரு டேனியல் இனோயே. ஹவாயில் பிறந்தவர். குண்டு விழுந்த அன்னிக்கு வயசு 17. காயம்பட்டவங்களுக்கு முதலுதவி செய்ய ஓடினார். சர்ஜன் ஆகணும்னு ஆசை. பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். 1945 ஏப்ரலில் இத்தாலியில் வலது கை போச்சு. சர்ஜன் கனவும் அதோட போச்சு.

5/ ஊர் திரும்புற வழியில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் முடிவெட்டப் போறார். உடம்புல ராணுவ உடை, நெஞ்சுல பதக்கங்கள், ஒரு கை இல்ல. கடைக்காரர் சொன்ன பதில்: இங்க ‘ஜப்’களுக்கு முடி வெட்டுறதில்ல.

6/ “ஜப்பான் ராணுவம் மட்டும் யோக்கியமா?”ன்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் கொத்துக்கொத்தா செத்தாங்க. அந்தக் கோபம் நியாயம். ஆனா அந்தக் குற்றத்துக்கும் ஹவாயில் பிறந்த இந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் ஒண்ணாக்கினது அந்த ஒரு வார்த்தைதான்.

7/ 1988ல் அமெரிக்க அரசு மன்னிப்பு கேட்டு, முகாமில் இருந்து உயிரோட மிஞ்சினவங்களுக்கு தலா 20,000 டாலர் கொடுத்துச்சு. இனோயே 1963லிருந்து 2012ல் சாகுற வரைக்கும் செனட்டர்.

8/ இதைப் படிச்சப்ப எனக்கு வார்டுதான் ஞாபகம் வந்துச்சு. ரவுண்ட்ஸ்ல “அந்த பாய்சன் கேஸ் என்னாச்சு?”ன்னு நானே கேட்டிருக்கேன், அந்தம்மா காதுல விழுற மாதிரி. அவங்களுக்கும் ஒரு பேர் இருந்துச்சு. இப்போ கேஸ் ஷீட்டைப் பார்த்து பேர் சொல்லிக் கேக்குறேன்.

நீங்களும் ‘ஜப்பானியர்’னு முழுசாவே எழுதுங்க. கூட நாலு எழுத்துதானே.