பாதை ஏறி வந்த போதகரும் ஊரோடு இருந்த வாத்தியாரும்

மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோரம் எழுவான்கரை, மறுபுறம் வயலும் குளமுமாகப் படுவான்கரை. மண்டூர் படுவான்கரை ஊர். குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறினால்தான் நேரே போய்ச் சேரலாம்; சின்னக் கதிர்காமம் என்று பெயர்பெற்ற முருகன் கோயிலைச் சுற்றியே அதன் ஆண்டு நகர்கிறது. இத்தகைய ஊர்களில் சில குடும்பங்களை மட்டும் நம்பி மெதடிஸ்த சபைகள் எப்படி நிலைத்தன? மிஷன் வரலாறுகளைக் கேட்டால், பல ஊர்ச் சபைகள் அடங்கிய சேகரம் முழுவதும் சுற்றிவந்த போதகரின் கால்களையே விடையாகக் காட்டும். அந்த விடை பாதிதான் சரி. சுற்றியவரைவிடச் சுற்றாமல் ஊரோடு இருந்தவர்களே இச்சபைகளைத் தாங்கினார்கள்.

தொடக்கத்தையே பாருங்கள். 1814 மே மாதம், மெதடிஸ்த மிஷனரிமாரோடு இலங்கைக்குப் புறப்பட்ட தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோக, அவர் திரட்டிய ஐந்து மிஷனரிமார் யூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். மனைவியை அதே பயணத்தில் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாளாக மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்கு வந்தவர், 1815 ஏப்ரல் 1இல் தாமும் இறந்தார். எட்டு மாத ஊழியம். அதற்குள் எட்டுப் பள்ளிகள் என்பது இன்றும் சொல்லப்படும் கணக்கு. எட்டே மாதத்தில் ஒருவர் எத்தனை பேரை மனம் மாற்றியிருக்க முடியும்? இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாக அவரைச் சொல்கிறதென்றால், பிரசங்கம் நின்ற பிறகும் பள்ளிக்கூடம் நிற்கும் என்பதுதான் காரணம். மிஷன் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டது. 1870க்குப் பிறகு அரசாங்க நன்கொடை முறை வந்ததும் பள்ளிகளுக்குப் பணவலுவும் சேர்ந்தது. போதகர் பள்ளியின் முகாமையாளர். கிழமை நாட்களில் பாடம் சொல்லும் வாத்தியாரே ஞாயிறன்று உபதேசியார். வாத்தியாரின் சம்பளத்தில் ஒரு பங்கு நன்கொடையிலிருந்து வந்தது. சைவப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைதான் அந்தச் சிறிய சபைக்கு ஊரில் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது. பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகிய காரைதீவு மயில்வாகனனும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர்தாமே.

அப்படியானால் போதகர் வெறும் விருந்தாளியா என்று கேட்கலாம். இல்லை. திருவிருந்தும் ஞானஸ்நானமும் அவர் கையில் இருந்தன. அதைவிட முக்கியமானது, அவர் வெளியூரார் என்பது. மட்டக்களப்பில் கோயில் உரிமைகள் குடிவழி பிரிந்தவை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பவை. சபை மட்டும் இந்த மண்ணுக்கு விலக்காகிவிடுமா என்ன? சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகும், எந்தக் குடியையும் சாராத ஒருவர் தலைமையில் இருந்தது, ஆலயம் ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடாமல் தடுத்தது என்பேன். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி தம் போதகர்களை ஓரிடத்தில் தங்கவிடாததற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் இங்கிலாந்திலும் அவர்கள் குதிரையேறிப் போன பின்பு சபையைக் காத்தவர்கள் உள்ளூர்ப் பிரசங்கிமாரும் வகுப்புத் தலைவர்களுமே.

இச்சபைகள் பின்னாளில் தளர்ந்ததற்குப் பாதை கடக்கும் சிரமந்தான் காரணம், பாலமும் மோட்டார் சைக்கிளும் வந்தால் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு வாதம். வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. படுவான்கரைப் பயணம் சுருங்கியது உண்மை. ஆனால் குறைந்தது போதகரின் பயண நேரம் மட்டுமே. உண்மையான உடைவு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நேர்ந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. பிற சமயப் பிள்ளைகள் மிஷன் முகாமையின் கீழ் படிக்க நேர்ந்த குறையை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் வாத்தியார் அரச ஊழியரானார். அவரது இடமாற்றமும் கல்வித் திணைக்களத்தின் கைக்குப் போனது. ஊரோடு இருந்தவரும் இனிச் சுற்றுபவரானார். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றபோது, கிராமச் சேகரங்களில் அதன் கைக்கு வந்தவை வாத்தியார் இல்லாத ஆலயங்கள்.

சபைகளின் ஆண்டு மலர்களில் போதகர்களின் பெயரும் பணியாற்றிய காலமும் வரிசையாக இருக்கும். உபதேசியார்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. படுவான்கரைப் பள்ளிகளில் பழைய சம்பவத் திரட்டுகளோ சம்பள இடாப்புகளோ எஞ்சியிருந்தால், அவற்றை வைத்திருப்போர் கறையான் முந்துவதற்குள் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மலரை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.