பார்க்க வந்தவர்கள்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நின்றால் இரண்டு ராஜ்ஜியத்துக்கும் பஸ் கிடைக்கும். ஒரு பக்கம் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருவனந்தபுரம். இன்னொரு பக்கம் மார்த்தாண்டம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழிக் கணவாய் எல்லாம் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பாளையங்கோட்டை.

இந்த ஊர்ப் பையன் ஒருவன், பதினாறு வயசு, பைக் திருட்டிலோ அடிதடியிலோ மாட்டிக்கொள்கிறான் என்று வையுங்கள். அவனைக் கொண்டுபோய் வைப்பது பாளையங்கோட்டை கூர்நோக்கு இல்லத்தில். அவனைப் பார்க்க அம்மா கிளம்புகிறாள். ஒரு நாள் கூலி போச்சு. பையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து. பஸ் மாறி மாறிப் போய் வாசலில் நின்று, "சாறே, எனக்க மவன ஒருக்கா பாக்கணும்" என்கிறாள்.

அந்த வாசலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

சின்னப் பையன்களைப் பெரிய கைதிகளோடு அடைத்தால் கெட்டுப்போவார்கள் என்று வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1876ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி சென்னை மாகாணத்தில் 1887ல் செங்கல்பட்டில், பழைய கோட்டைக்குள், சீர்திருத்தப் பள்ளி வந்தது. 1897ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பதினைந்து வயசுக்கு உட்பட்ட பையன். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம். பத்து வயசில் உள்ளே போனவன் மீசை அரும்பும்போது வெளியே வரலாம்!

அந்தச் சட்டத்தில் 'விசிட்டர்' என்ற வார்த்தை வருகிறது. யார் தெரியுமா? பள்ளியை மேற்பார்வையிட அரசாங்கம் நியமிக்கும் கமிட்டி. குறைந்தது ஐந்து பேர், அதில் இரண்டு பேராவது இந்தியர்களாக இருக்க வேண்டும். இனக் கணக்குவரை யோசித்து எழுதியிருக்கிறார்கள். பெற்றவளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு ஏழைத் தாய் செங்கல்பட்டுக்குப் போய் வருவதென்றால், அந்தக் காலத்தில் அது காசி யாத்திரை மாதிரி.

1920ல் சென்னை மாகாணம்தான் இந்தியாவிலேயே முதலில் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. வங்காளமும் பம்பாயும் பின்னால் வந்தவை. 1925ல் பதினாறு முதல் இருபத்தொன்று வயசுக்காரர்களுக்கென்று பார்ஸ்டல் பள்ளிச் சட்டம். பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பேர். அங்கே ஆரம்பித்த பரிசோதனை பாளையங்கோட்டைவரை வந்தது. 1880ல் கட்டிய மாவட்ட ஜெயில், 1929ல் பார்ஸ்டல் பள்ளியானது. 1968ல் மத்தியச் சிறையானது. இங்கிலாந்து 1982ல் சட்டம் போட்டு பார்ஸ்டலை மூடிவிட்டது.

இதெல்லாம் நடந்தபோது களியக்காவிளை இந்தக் கதையிலேயே இல்லை! விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூரில் இருந்தது. ஜெயில் என்றால் பூஜப்புரை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். மார்ஷல் நேசமணியின் போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு எல்லாம் தாண்டி, 1956 நவம்பர் 1ல் நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தன. தமிழ் கிடைத்தது. கைதியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் தூரம் மூன்று மடங்குக்கு மேல் ஆனது. எல்லைக்கோடு போடுகிறவர்கள் இதையெல்லாமா பார்ப்பார்கள்?

சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் ஆகியும் பல மாநிலங்களில் பையன்கள் பெரியவர்களின் ஜெயிலில்தான் கிடந்தார்கள். அதை நேரில் போய்ப் பார்த்து வழக்குப் போட்டவர் ஷீலா பார்ஸே என்ற பத்திரிகையாளர். 1986ல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளை ஜெயிலில் வைக்காதே என்றது. அதே வருஷம் ஜம்மு காஷ்மீர் தவிர நாடு முழுவதற்கும் சிறார் நீதிச் சட்டம். யாரும் அழைக்காத ஒரு பார்வையாளர் போனதால் நடந்தது இது.

2000ல் புதுச் சட்டம் வந்து, வயசு வரம்பு ஆண், பெண் இருவருக்கும் பதினெட்டு ஆனது. 2015 சட்டம் குடும்பத்தைத்தான் முதலில் நிறுத்துகிறது. பிடித்தவுடன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் வைப்பது கடைசி வழி. 1897 சட்டத்தை எழுதியவர் படித்தால் மயங்கி விழுவார்.

ஆனால் சட்டப் புத்தகம் வேறு, சுவர் வேறு. அதே செங்கல்பட்டில், 2022 டிசம்பர் 31 அன்று, அரசு இல்லத்தில் இருந்த பதினேழு வயசுப் பையன் செத்துப்போனான். உள்ளே போய் ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அடித்தே கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு இல்லங்களை ஆராய நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது; 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். பையன் நல்லபடியாக இருக்கிறானா என்று கண்டுபிடிக்க ஒரு அம்மாவுக்குக் கமிட்டி தேவையில்லை. சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தால் போதும். அதனால்தான் அடிக்கடி போய்ப் பார்க்க முடிகிற தூரம் முக்கியமாகிறது.

நம் களியக்காவிளை அம்மா பார்த்துவிட்டாள். மெலிந்திருக்கிறான். "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

பையனின் பேரையோ ஊரையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில், பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், எங்கே போயிட்டு வாறே என்று.

"திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு" என்கிறாள்.